நாட்களை எண்ண வேண்டியவர் யார்? விசாரணைக் கைதிகளும் அரை நூற்றாண்டுச் சீர்திருத்தமும்

சிறை நெரிசல் பற்றிய விவாதம் பெரும்பாலும் தண்டனையின் கடுமையைச் சுற்றியே நிகழ்கிறது. இந்தியாவைப் பொறுத்தவரை அந்தத் தொடக்கமே வழிதவறச் செய்வது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, இன்னும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்படாதவர்களே நாட்டின் சிறை இடம் முழுவதையும் ஏறத்தாழ நிரப்பியிருந்தனர். தண்டனைச் சீர்திருத்தம் எவ்வளவு சிறந்ததாயினும் அது நேரடியாக எட்டுவது எஞ்சிய கால்பங்கினரைத்தான். ஆகவே இந்நெரிசலின் வரலாற்றைப் பிணையின் வரலாறாகவே வாசிக்க வேண்டியிருக்கிறது.

இந்நிலை புதிதன்று. 1979-இல் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 78-ஆவது அறிக்கை, 1977 ஏப்ரல் 1 அன்று சிறைகளில் இருந்த 1,84,169 பேரில் 1,01,083 பேர் விசாரணைக் கைதிகள் என்று பதிவு செய்தது. அப்போது பங்கு 55 விழுக்காடு, 2022-இல் 75.8 விழுக்காடு. இடைப்பட்ட காலத்தில் சட்டங்களுக்கும் தீர்ப்புகளுக்கும் குறைவில்லை என்பதே இங்கு விளக்கம் வேண்டி நிற்கும் முரண்.

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்களைத் தண்டனையிலிருந்து கழிக்க 428-ஆவது பிரிவில் வழிசெய்தது. மனிதநேயம் கொண்ட ஏற்பாடு அது. எனினும் அதன் பயன் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டவருக்கே உரியது. குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர் இழந்த நாட்களைக் கழிப்பதற்கு அவருக்குத் தண்டனை ஏதும் இல்லை.

பிணையின் விலை என்ன என்ற கேள்வியை 1978-இல் மோதி ராம் வழக்கு எழுப்பியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியிருந்தும், கீழமை நீதித்துறை நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணையாள் கேட்டார். சகோதரர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று மறுக்கப்பட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் அந்த மறுப்பைத் தள்ளி, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடுவிக்க ஆணையிட்டார். தொலைவிலுள்ள வட இந்திய நகரில் கைதாகும் ஒரு தமிழரோ மலையாளியோ உள்ளூர்ப் பிணையாளுக்கு எங்கே போவார் என்ற பொருளில் அத்தீர்ப்பு எழுப்பிய வினா, இன்றைய புலம்பெயர் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் பொருந்தும்.

அடுத்த திருப்பம் 1979 ஜனவரியில் நேர்ந்தது. தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினராயிருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி, பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் வாடிய விசாரணைக் கைதிகளைப் பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். அக்கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்டு வழக்கறிஞர் கபிலா ஹிங்கொரானி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அதுவே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. தம்மீதான குற்றச்சாட்டுக்குரிய உச்சத் தண்டனையைவிட நீண்ட காலம் சிறையிலிருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். விரைவான விசாரணை அரசமைப்பின் 21-ஆவது உறுப்பில் அடங்கிய உரிமை என்று நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு அறிவித்தது. பொதுநல வழக்கின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கற்பிக்கப்படுகிறது. ஆனால் இவ்வழக்கு உணர்த்தும் எளிய உண்மை ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை: அக்கைதிகள் விடுதலையானதற்குக் காரணம், சிறைக்கு வெளியிலிருந்த ஒருவர் அவர்களுடைய நாட்களை எண்ணியதுதான்.

பின்வந்த சட்டம் அந்த எண்ணும் பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்கவில்லை. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட 436-ஏ பிரிவு, மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதி பிணையில் விடப்பட வேண்டும் என்றது. உரிமை தெளிவாயிருந்தது. பாதிக் காலம் நிறைவுற்றதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் யார் என்பது தெளிவாக இல்லை. எழுத்தறியாத, வழக்கறிஞரில்லாத கைதியே அதைச் செய்வார் என்ற அனுமானத்தின்மீது அப்பிரிவு நின்றது. ஆகவே 2014-இல் பீம் சிங் வழக்கில், நீதித்துறை அலுவலர்கள் இரண்டு மாதங்களுக்கு வாரம் ஒருமுறை சிறைகளுக்கே சென்று அமர்ந்து தகுதியுடையோரைக் கண்டறியுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. 2015-இல் மாவட்டந்தோறும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு அமைக்குமாறு பணித்தது. பிணை கிடைத்தும் வெளியேற இயலாதவர்களுக்காக 2023 ஜனவரியில் மற்றொரு நெறிமுறை வகுக்கப்பட்டது: ஏழு நாட்களுக்குள் விடுதலையாகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு இப்போக்கின் முதிர்ந்த வடிவம். முதன்முறையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மூன்றில் ஒரு பங்குக் காலமே போதும். விண்ணப்பிக்கும் கடமையும் சிறைக் கண்காணிப்பாளருக்கே உரியது. ஆனால் அதே பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையிலுள்ளவருக்கு இவ்வழியை அடைத்துவிடுகிறது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களையும் விலக்குகிறது. ஒரே நிகழ்வுக்குப் பல பிரிவுகளின்கீழ் வழக்குப் பதிவது இயல்பாகிவிட்ட நாட்டில், விதியைவிட விலக்கு பெரிதாகிவிடும் அபாயம் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக்கியிருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் அது தீர்ப்புக்குப் பின்னரே பயன் தருவது.

மோதி ராம் முதல் 479 வரையிலான பாதையில் உரிமையின் அளவு படிப்படியாக விரிந்தது. அதைவிட முக்கியமானது, அவ்வுரிமையைக் கோரும் சுமை கைதியிடமிருந்து அரசை நோக்கி மெதுவாக நகர்ந்தது. இச்சுமை முழுமையாக இடம்பெயரும் வரை நெரிசல் குறையாது. புதிய சட்டத்தை மதிப்பிடும் ஆய்வுகள் அதன் வாசகத்தோடு நின்றுவிடாமல், சிறைப் பதிவேடுகளின் மூன்று தேதிகளை ஒப்பிட வேண்டும்: கைதி தகுதி பெற்ற நாள், கண்காணிப்பாளர் விண்ணப்பித்த நாள், கைதி வாயிலைக் கடந்த நாள். அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியே இச்சீர்திருத்தத்தின் உண்மையான அளவுகோல்.