கிடையும் கழுத்துப்பட்டையும்

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவது மங்கலம்பேட்டைப் பக்கம் புதுசில்லை. பகலில் மேய்ச்சல், ராத்திரி பட்டி. புழுக்கை வயலுக்கு, கூலி கீதாரிக்கு.

ஆட்டை ஓர் எல்லைக்குள் நிறுத்துவதை நார்வேயில் செயற்கைக்கோளை வைத்துச் செய்கிறார்கள். எல்லையை நெருங்கினால் கழுத்துப்பட்டை ஒலிக்கும், மீறினால் லேசா ஷாக். 2000 மே வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. 100 மீட்டர் பிசகினால் ஆடு யார் வயலில் நிற்கிறதுன்னு எப்படிச் சொல்வது?

எனக்கு வேலியைவிடத் தடம்தான் முக்கியமாகப் படுகிறது. வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் ஆடு எங்கே போகும்? பல ஊர்களில் காட்டுக்குத்தான். 1882 சென்னை வனச்சட்டம் அந்த மேய்ச்சலைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 2006 வன உரிமைச் சட்டமோ மேய்ப்பர்களின் பருவகால உரிமையை ஏற்கிறது. அதற்குப் பெரியவர்கள் வாக்குமூலமும் சாட்சியாகச் செல்லும். பட்டை பதிந்த தடம் அதுக்கு வலு சேர்க்கும், கீதாரி கையில் இருந்தால். வனத்துறை கையில் இருந்தால் அதே தடம் அபராத ரசீதும் ஆகலாம்.