பலகையில் எழுதியது மருந்து

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர் வேலை. போன ஆடியில் கையில் ஒரு சீட்டோடு வந்து நின்றாள். தூபக்கால், மணி, கருப்புப் பிடி போட்ட கத்தி, கிண்ணம், கல் உப்பு, பிசின் வகை, காய்ந்த மூலிகை என்று வரிசையாக எழுதியிருந்தது. விக்கா என்கிற மேல்நாட்டுச் சூனிய வழிபாடு செய்கிறாளாம். "ஆன்லைன்ல எல்லாத்தையும் ஒரே பெட்டியா விக்கிறாங்க அங்கிள். அந்தக் காசுக்கு ஒரு மாச மளிகை வாங்கிடலாம். இங்க எங்கயாவது சல்லிசா கெடைக்குமா?"

கத்தியையும் மணியையும் பாத்திரக் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, மற்றதற்கு அவளை அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன். வாசலில் நின்று பலகையைப் படித்தாள். நாட்டு மருந்துக் கடை. "எனக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

நியாயமான கேள்வி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தக் கடைத்தெருவிலும் இப்படி ஒரு கடை இருக்கும். வாய் சுருட்டிய கோணிகள், சின்னச் சின்ன இழுப்பறைகள், தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்து இழுக்கும் வாசனை. அங்கே நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு எந்த நோயும் இல்லை. ஒருவருக்குக் கிரகப்பிரவேசம், ஒருவருக்கு ஆடி வெள்ளி, ஒருவருக்குப் பேரனுக்குத் திருஷ்டி கழிக்க வேண்டும். ஆனாலும் பலகையில் ‘பூசை’ என்ற சொல் இல்லை, ‘மருந்து’ என்றுதான் இருக்கிறது.

இதே கடைக்கு மற்றவர்கள் வைத்த பெயர்களைப் பார்த்தால் நம் பெயர் எவ்வளவு தனிப்பட்டது என்று தெரியும். குஜராத்தில் இந்த வியாபாரிக்குக் காந்தி என்று பெயர். கந்தம் என்றால் மணம். மணப்பொருளும் மருந்துச் சரக்கும் விற்கிறவர் காந்தி. நம் ரூபாய் நோட்டில் இருப்பவரின் குடும்பப் பெயர் இந்தக் கடையிலிருந்துதான் வந்தது. அரபியில் அத்தார். அத்தரும் மூலிகையும் விற்பவர். நிஷாப்பூர்க் கவிஞர் பரீதுத்தீன் அத்தாருக்கும் தொழிலே பெயராக ஒட்டிக்கொண்டது. இரண்டு ஊர்க்காரர்களும் மூக்கை நம்பிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மலையாளிகள் ‘அங்காடி மருந்து’ என்கிறார்கள். தோட்டத்தில் பறிக்கும் பச்சை மருந்துக்கு எதிர்ச்சொல் அது. சித்த வைத்திய ஏடுகளில் நமக்கும் அப்படி ஒரு சொல் உண்டு, கடைச்சரக்கு. ஆனால் அதைப் பலகையில் எழுத முடியாமல் போய்விட்டது. இன்றைக்குச் ‘சரக்கு’ என்று எழுதி வைத்தால் வேறு கூட்டம் வரும்.

சரி, மருந்து என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது? திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்குப் பெயர் மருந்து. அங்கே அது நோய்க்கு உண்பது. அதே நூலில், விருந்தோம்பல் அதிகாரத்தில் வரும் மருந்து சாவை விலக்கும் அமிழ்தம். மேலே அவ்வளவு உயரம் போன சொல் கீழேயும் இறங்கும். ‘மருந்து குடிச்சிட்டான்’ என்று யாராவது ஓடிவந்தால் ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும், அது பயிருக்கு அடிக்கும் விஷம். துப்பாக்கிக்குள் கெட்டிப்பதும் மருந்துதான். ‘மகனுக்கு மருந்து வச்சு மயக்கிட்டா’ என்று மாமியார் சொன்னால் அது வசியம். இடுமருந்து என்று அதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. அதை முறிப்பதாகச் சொல்லி மருந்தெடுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அமிழ்தத்திலிருந்து விஷம் வரைக்கும், இடையில் வசியத்தையும் தொட்டு ஒரே சொல் நீள்வது தமிழின் தனிக்கோணல் இல்லை. கிரேக்கத்தில் பார்மகான் என்ற சொல்லும் அப்படியே: மருந்து, நஞ்சு, மந்திரக் கலவை மூன்றும் அதுதான். அதன் வழி வந்ததே ஊருக்கு ஊர் பச்சை விளக்கு எரியும் பார்மசி. பைபிளின் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் சூனியக்காரியைப் பற்றி ஒரு கொடூரமான கட்டளை வருகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இருக்கும் சொல் இதே பார்மகான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அது விட்ச் ஆனது. தமிழில் வடமொழிச் சூனியத்தை, அதாவது வெறுமையை, எடுத்துச் சூனியக்காரி என்று போட்டார்கள். ஐரோப்பாவில் எத்தனையோ பெண்களின் உயிர் போனதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட வசனம் அது. மருந்துக் கடைக்குள் நுழையத் தயங்கிய இந்தப் பெண், சொல் வரலாற்றின்படி பார்த்தால், தன் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

விக்கா என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் சூனியக்காரனை விக்கா, சூனியக்காரியை விக்கெ என்று எழுதினார்கள். உச்சரிப்போ ‘விச்சா’, ‘விச்செ’. இருபதாம் நூற்றாண்டில் எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் ‘விக்கா’ என்று சொல்லப்போய் அதுவே நின்றுவிட்டது. ‘விச்சா’ என்று கேட்டதும் நம்மவர்களில் சிலருக்குக் கை பரபரக்கும்: மணிமேகலையில் வித்தையை விச்சை என்றும் வித்தியாதரரை விஞ்சையர் என்றும் சொல்கிறார்களே, அதுதான் இது! இல்லை. ஒலி ஒத்தால் உறவு என்பது ஆவடியை ஆங்கில எழுத்துகளாகப் பிய்த்துக் கவச வாகனக் கிடங்கு என்று விரிக்கிற அதே வியாதி. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடியபோதே அது ஆவடிதான். டாங்கித் தொழிற்சாலை அதற்குப் பிறகு 1960களில் வந்தது.

ஒலி உறவு பொய். கருவிகளின் உறவு மெய். புறநானூற்றில் 281ஆம் பாட்டு அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டவனை வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். வாசலில் வேம்பு செருகுகிறார்கள், ஐயவியைத் தூவுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், வீடு முழுக்க நறும்புகை போடுகிறார்கள், பாடுகிறார்கள். இதில் எது வைத்தியம், எது சடங்கு என்று கோடு கிழிக்க முடியுமா? அந்த ஐயவி என்ற அழகான சொல் செத்துவிட்டது; பொருள் சாகவில்லை. வெண்கடுகு என்று கேட்டால் இழுப்பறையைத் திறப்பார்கள். மருதாணி விதை, நாய்க்கடுகு, அருகம்புல் பொடியோடு சேர்த்துச் சாம்பிராணித் தணலில் போடுகிறார்கள். மூலிகையும் மணியும் புகையும் இருக்கும் அந்தப் பெண்ணின் சீட்டை, கத்தியை மட்டும் விட்டுவிட்டு, அரிசில் கிழாரிடம் காட்டினால் வியப்படைய மாட்டார்.

சென்னையின் இந்த மேற்குப் பக்கத்துக் கோயில்களிலேயே சாட்சி கிடக்கிறது. மாங்காட்டில் காமாட்சியாக வழிபடப்படும் அர்த்தமேரு ஸ்ரீசக்கரம் எட்டு மூலிகைப் பொருள்களால், அஷ்டகந்தத்தால், ஆனது. அதனால்தான் அதற்கு அபிஷேகம் கிடையாது. கடைச்சரக்கே அங்கே கடவுள். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் சன்னதிக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. எருக்கு எங்கே தூண் ஆகிற மரம் என்று கேட்டால் தொண்டைமான் அரசன் கதையைச் சொல்வார்கள். அதே வெள்ளெருக்கின் வேர் பிள்ளையாராகவும் நார் விளக்குத் திரியாகவும் கடையில் தொங்குகிறது.

இனி ‘நாட்டு’. எனக்கு மருந்தைவிட இந்தச் சொல்லில்தான் ஆர்வம். நாடு முதலில் காட்டுக்கு எதிர். உழுது குடியேறிய நிலம். சோழர் காலத்தில் அது சில ஊர்கள் சேர்ந்த ஒரு பிரிவு. இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் கோட்டம், அதற்கு மேல் மண்டலம். பூந்தமல்லிக்கு அடுத்த குன்றத்தூர் புலியூர்க் கோட்டத்தில் இருந்தது. அந்தக் கணக்கில் நாட்டு மருந்து என்றால் நாலு ஊர் தள்ளிப் போனாலே அயல் மருந்தாகிவிடும். ஆனால் பலகையில் இருக்கும் ‘நாட்டு’ அது இல்லை. இது சீமைக்கு எதிராகப் பிறந்த நாடு. சீமை என்பதும் முதலில் எல்லைதான். பிறகு எல்லைக்குட்பட்ட தேசம். கடைசியில் வெள்ளைக்காரன் தேசம். சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமைக் கருவேலம், சீமைப் பசு. இவை வந்த பிறகுதான் அதுவரை சும்மா கோழியாக இருந்தது நாட்டுக்கோழி ஆயிற்று, சும்மா சர்க்கரை நாட்டுச் சர்க்கரை ஆயிற்று. அடைமொழி வந்தது என்றாலே போட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். மங்களூரில் சுட்ட ஓட்டைக்கூடச் சீமை ஓடு என்றார்கள். செய்முறை ஐரோப்பிய மிஷனுடையது அல்லவா.

மருந்துக்கும் அதே கதை. 1835இல் சென்னையில் ஆங்கில மருத்துவப் பள்ளி தொடங்கியது. ‘இங்கிலீஷ் மருந்து’ பரவப் பரவ, இருந்த மருந்துக்கு ‘நாட்டு’ தேவைப்பட்டது. அரசும் இந்தப் பிரிவினையில் இறங்கியது: முகமது உஸ்மான் தலைமையிலான குழு நாட்டு வைத்திய முறைகளை ஆராய்ந்து 1923இல் அறிக்கை தந்தது, அதன் பலனாகக் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. இப்போது அதே வளாகத்தில் அலோபதிக் கல்லூரி.

வேடிக்கை என்னவென்றால், நாட்டு மருந்துக் கடையின் முன்வரிசைச் சரக்கு நாட்டுச் சரக்கே இல்லை. சாம்பிராணி சுமத்ராவின் மரப்பிசின். அரபு வணிகர்கள் அதை லுபான் ஜாவி, ‘ஜாவாவின் குந்துருக்கம்’, என்றார்கள், ஐரோப்பியர் ‘லு’வை விட்டுவிட்டுப் பென்ஜாய், பென்சாயின் என்றார்கள், அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக், அதைக் காய்ச்சி வடித்ததில் கிடைத்தது பென்சீன். நம் ஊரில் ‘போடா சாம்பிராணி’ என்று மக்கைத் திட்டுகிறோம். அந்த மக்குதான் பென்சீனுக்கே பெயர் கொடுத்தது. இப்போது பொடித்துக் கிண்ணமாக அச்சடித்த வகைக்குக் கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று பெயர். அறிவும் மக்கும் ஒரே அட்டைப்பெட்டியில்.

பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. இந்திய மண்ணில் அதைப் பயிரிட்டுப் பார்க்க லாகௌல் பள்ளத்தாக்கில் 2020இல்தான் நட்டார்கள். பறங்கிப்பட்டை சீனாவின் கிழங்கு. அதைப் பரப்பியவர்கள் போர்ச்சுக்கீசியர். அது தீர்ப்பதாகச் சொன்ன பறங்கிப்புண்ணும் அவர்கள் கப்பலில் வந்ததே. நோயையும் மருந்தையும் ஒரே கப்பலில் இறக்கினார்கள் என்பதற்கு இரண்டு சொற்கள் சாட்சி. இப்படிக் கடல் கடந்து வந்ததெல்லாம் இருநூறு, முந்நூறு வருடம் நம் இழுப்பறையில் குடியிருந்ததும் நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டது.

விலைக்கு வருகிறேன், அவள் கேட்டது அதைத்தானே. பூசைச் சாமானுக்குக் காசில்லாமல் திண்டாடியது இன்றைய கதை இல்லை. திருக்கடவூரில் குங்கிலியக் கலயருக்குக் கோயிலில் தூபம் போடுவதே தொண்டு. சொத்தெல்லாம் கரைந்து வீட்டில் பட்டினி. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொல்கிறாள். வழியில் ஒரு வணிகன் குங்கிலியப் பொதியோடு எதிர்ப்படுகிறான். அரிசிக்குப் போன பொன் குங்கிலியத்துக்குப் போய்விட்டது. நாயனாரைவிட அந்த அம்மாளின் மேல்தான் எனக்கு எப்போதும் இரக்கம். அந்தக் கதையைக் காவியமாக்கிய சேக்கிழார் இந்தக் குன்றத்தூர்க்காரர். இப்போது குங்கிலியம் ஒரு பொட்டலம் டீக்காசுக்குக் கிடைக்கும். அதன் உறவுச் சொல்லான குக்குலு என்று கேட்டால் வேறு இழுப்பறையிலிருந்து வேறு பிசினை எடுப்பார்கள். பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கத்தியைப் பற்றி அவளுக்குக் கவலை. விக்காவில் அதற்கு அத்தாமே என்று பெயர். பழைய மந்திர ஏடுகளில் வேறு வேறு எழுத்துக்கூட்டில் வரும் அந்தச் சொல்லுக்கு மூலம், இறகுப் பேனா சீவும் சிறு கத்திக்கான லத்தீன் பெயர் என்று கருதுகிறார்கள். நம் எழுத்தாணிக் கத்தி மாதிரி, எழுதுகிறவன் மேசைச் சாமான். விக்காவை உலகுக்குச் சொன்ன ஜெரால்டு கார்ட்னர் 1900இல், பதினாறு வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி, கிரிஸ் கத்திகளைப் பற்றி 1936இல் புத்தகம் போட்டவர். இங்கிலாந்தில் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீங்கியபின் 1954இல் தன் விக்கா நூலை வெளியிட்டார். அவருடைய சடங்கேட்டிலேயே ஒரு யோசனை உண்டு: கருவிகள் எல்லார் வீட்டிலும் இருக்கும் சாதாரணப் பொருள்களாக இருக்கட்டும், மந்திரச் சக்கரத்தை மெழுகில் செய்துகொள்ளட்டும், சோதனைக்கு ஆள் வந்தால் உடைத்துவிடலாம். ஆன்லைன் பெட்டிக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. காய் நறுக்கும் கத்தி போதும் என்றேன். அவளுக்குப் பாதிச் சம்மதம்.

கடைக்குள் போனோம். சாம்பிராணி, குங்கிலியம், வெண்கடுகு, வெட்டிவேர், கல் உப்பு. கடைப் பெரியவர் சீட்டைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக நிறுத்துக் கட்டினார். கற்பூரம் என்று வந்ததும் கை நின்றது.

"சாப்பிடறதுக்கா, சாமிக்கா?"

காரணத்தோடு கேட்கிற கேள்வி. கொளுத்துகிற சூடம் இன்று டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது, வாயில் போடக் கூடாது. பொங்கலில் சிட்டிகை தூவுவது பச்சைக் கற்பூரம். ஒரே பெயர், இரண்டு டப்பா. அவள் என்னைப் பார்த்தாள். எந்தச் சாமி என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. பெரியவர் கேட்கவில்லை. சாமி டப்பாவைத் திறந்து, பத்து ரூபாய்க்குப் போதுமா என்றார்.