செசபீக் – லெப்பர்ட் நிகழ்வு

செசபீக் – லெப்பர்ட் நிகழ்வு என்பது 1807 ஜூன் 22 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால், பிரித்தானியப் போர்க்கப்பலான லெப்பர்ட், அமெரிக்கப் போர்க்கப்பலான செசபீக்கைத் தாக்கி, அதிலிருந்த நான்கு மாலுமிகளைப் பிடித்துச் சென்றதைக் குறிக்கும். இதனால் எழுந்த தூதரகப் பிணக்கு தீர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பின்னணி

நெப்போலியனுடன் போரிட்டுவந்த பிரித்தானியக் கடற்படையில் ஊதியம் குறைவு, தண்டனை கடுமை. அதிலிருந்து தப்பிய மாலுமிகள் பலர் அமெரிக்கக் கப்பல்களில் சேர்ந்தனர். அவர்களைத் தேடி அமெரிக்க வணிகக் கப்பல்களை நடுக்கடலில் நிறுத்திய பிரித்தானியர், அமெரிக்கர்களையும் சேர்த்தே கட்டாயமாகக் கொண்டு சென்றனர். மன்னரின் குடிமகனாகப் பிறந்தவர் இறுதிவரை அவரது குடிமகனே என்றது பிரித்தானியச் சட்டம். குடியேறியவர் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்றது அமெரிக்கச் சட்டம். ஆகவே ஒரே மாலுமிக்கு இரு நாடுகளும் உரிமை கோரின.

தாக்குதல்

தப்பியோடியவர்களைத் தேடி செசபீக்கைச் சோதனையிடுமாறு பிரித்தானியக் கடற்படைத் தளபதி பெர்க்லி ஆணையிட்டார். செசபீக்கில் இருந்த தளபதி ஜேம்ஸ் பாரன் அதற்கு இணங்கவில்லை. போருக்கு ஆயத்தமின்றி இருந்த அக்கப்பல் ஒரேயொரு குண்டைச் சுட்டபின் சரணடைந்தது. மூவர் இறந்தனர், 18 பேர் காயமுற்றனர். பிடிபட்டவர்களுள் இங்கிலாந்தில் பிறந்த ஜென்கின் ராட்போர்டு ஹாலிஃபாக்ஸில் தூக்கிலிடப்பட்டார். மற்ற மூவரும் அமெரிக்கர்கள்.

பேச்சுவார்த்தை

குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன், பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அமெரிக்கக் கடற்பகுதியை விட்டு வெளியேற வேண்டுமென ஜூலை 2 அன்று அறிவித்தார். பிற நாட்டுப் போர்க்கப்பலைச் சோதனையிடும் உரிமையைத் தாங்கள் கோரவில்லை என்று பிரித்தானிய வெளியுறவுச் செயலர் கேனிங் ஒப்புக்கொண்டார். ஆனால் வணிகக் கப்பல்களில் நடக்கும் கட்டாய ஆட்பிடிப்பையும் கைவிட வேண்டும் என லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதர் மன்றோ கேட்டபோது, அதை இத்துடன் இணைக்க அவர் மறுத்தார். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதால் எளிதில் தீர்ந்திருக்கக்கூடிய வழக்கும் தீரவில்லை. அறிவிப்பை முதலில் திரும்பப் பெற வேண்டும் என்ற நிபந்தனையால் 1808-இல் ரோஸ் என்னும் தூதரின் முயற்சியும் தோற்றது.

முடிவு

1811 நவம்பரில் பிரித்தானியா அத்தாக்குதல் தன் அனுமதியின்றி நடந்தது என அறிவித்து, இழப்பீடு தரவும் மாலுமிகளைத் திருப்பி அனுப்பவும் இசைந்தது. ஒருவர் சிறையிலேயே இறந்துவிட்டதால், எஞ்சிய இருவரே 1812-இல் செசபீக் கப்பலின் தளத்தில் ஒப்படைக்கப்பட்டனர். அதற்குள் இரு நாடுகளுக்கும் போர் மூண்டிருந்தது. போரை முடித்த 1814-ஆம் ஆண்டு கென்ட் உடன்படிக்கையில் கட்டாய ஆட்பிடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறப்பால் வந்த குடிமை மாறாது என்ற கொள்கையைப் பிரித்தானியா 1870-இல்தான் சட்டப்படி கைவிட்டது.