பேர்போன குற்றவாளிகளும் மரண தண்டனையின் அளவுகோலும்

அமெரிக்காவில் மரண தண்டனையை ஆதரிப்போர் தம் வாதத்திற்குத் துணையாக அழைக்கும் பெயர்கள் மிகச் சிலவே. 1989 சனவரி 24 அன்று ஃபுளோரிடாவில் மின்நாற்காலியில் கொல்லப்பட்ட டெட் பண்டி, 1994இல் இல்லினாயில் நச்சு ஊசி செலுத்தப்பட்ட ஜான் வெய்ன் கேசி, ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பில் 168 உயிர்களைப் பறித்ததற்காக 2001இல் கூட்டரசின் தண்டனைக்கு உள்ளான டிமொத்தி மெக்வே ஆகியோரின் கொடுஞ்செயல்களை அறிந்தவர்களுக்கு அவர்கள்மீது இரக்கம் சுரப்பது அரிது. ஆயினும், இத்தண்டனை கொடியவருள் கொடியவர்க்கே உரியது என்னும் கூற்றை இப்பெயர்கள் மெய்ப்பிப்பதில்லை. தண்டனை உண்மையில் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை இவற்றின் புகழ் மறைத்துவிடுகிறது.

மரண தண்டனை வரைமுறையின்றி விதிக்கப்படுகிறது என்று கண்ட கூட்டரசு உச்ச நீதிமன்றம், 1972இல் ஃபர்மன் வழக்கில் அன்றைய சட்டங்களின்கீழ் அதனை விதிக்க இயலாதவாறு தடுத்தது. குற்றத்தை முடிவுசெய்யும் விசாரணையையும் தண்டனையை முடிவுசெய்யும் விசாரணையையும் தனித்தனியே பிரித்த புதிய சட்டங்களை 1976இல் கிரெக் வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அளவுகோல் இனி ஒன்றாக இருக்கும் என்பதே அந்த ஏற்பின் அடிப்படை.

அந்த அடிப்படை எவ்வளவு பலவீனமானது என்பதை இரு வழக்குகளை அருகருகே வைத்தால் காணலாம். வாஷிங்டன் மாநிலத்தில் 48 பெண்களைக் கொன்றதாக ஒப்புக்கொண்ட கேரி ரிட்ஜ்வே, 2003இல் குற்ற ஒப்புதல் பேரத்தின்வழி, அதாவது குற்றத்தை ஏற்றால் தண்டனை குறைக்கப்படும் என்று அரசு வழக்கறிஞருடன் செய்துகொள்ளும் உடன்பாட்டின்வழி, ஆயுள் சிறை பெற்றார். உடல்கள் கிடக்கும் இடங்களைக் காட்டுவதே அதற்கு அவர் தந்த விலை. காணாமற்போன மகளைத் தேடிய குடும்பங்களின் துயரை எண்ணினால் அம்முடிவைக் குறைகூற இயலாது. டெக்சாசின் கோர்சிகானா ஊரில் 1991 டிசம்பரில் வீடு தீப்பற்றி மூன்று பெண் குழந்தைகளை இழந்து, அத்தீயைத் தாமே வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கேமரன் டாட் வில்லிங்காமுக்கும் அத்தகைய உடன்பாடு முன்வைக்கப்பட்டது. தாம் குற்றமற்றவர் என்று கூறி அதை மறுத்த அவர், 2004 பிப்ரவரி 17 அன்று கொல்லப்பட்டார்.

அவருக்கு எதிராக நின்ற தடயங்களுள் ஒன்று, சிலந்தி வலைபோல் விரிசலிட்ட சன்னல் கண்ணாடி. எரிதிரவம் ஊற்றியதால் எழுந்த கடும் வெப்பமே அதற்குக் காரணம் என்று புலனாய்வாளர் சாட்சியமளித்தனர். சூடேறிய கண்ணாடிமீது தீயணைப்போர் நீரைப் பாய்ச்சும்போதும் அவ்விரிசல் தோன்றும். தரையில் கண்ட கருகல் வடிவங்களும், அறை முழுவதும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும் நிலையில் எரிதிரவமின்றியே உண்டாகக்கூடியவை. இவற்றை விளக்கித் தீயியல் வல்லுநர் ஜெரால்ட் ஹர்ஸ்ட் எழுதிய அறிக்கை தண்டனை நிறைவேறுமுன்பே ஆளுநர் அலுவலகத்துக்குச் சென்றும் பயன் விளையவில்லை.

கொல்லப்பட்டவர் வெள்ளையராயின் மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு மிகுவதைக் காட்டிய புள்ளியியல் ஆய்வை, 1987இல் மெக்கிளஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் போதாதென்று தள்ளியது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றமோ, ரிட்ஜ்வே உயிருடன் இருக்கப் பிறரைக் கொல்வது முறையா என்ற வாதத்தை 2006இல் நிராகரித்தபோதிலும், 2018இல் இத்தண்டனை மனம்போன போக்கிலும் இனப் பாகுபாட்டுடனும் விதிக்கப்படுவதாகக் கூறி அதனைச் செல்லாததாக்கியது. டெக்சாசில் அது நீடிக்கிறது. வில்லிங்காமைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பும் நீக்கப்படாமலே உள்ளது. அதை நீக்குவது அம்மாநிலம் இன்னும் செலுத்தாத கடன்.