நிறுவலைத் திருத்துவது யார்?

கூட்டல் கணக்கின் விடை சரியா என்று பார்க்கக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; விடைநூலைப் புரட்டி எண்ணை ஒப்பிட்டால் போதும். இயற்கணிதத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். வடிவியல் நிறுவல் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்குவதில்லை. ஒரே தேற்றத்தை மூன்று பிள்ளைகள் மூன்று வழியில் நிறுவலாம். மூன்றும் சரியாக இருக்கலாம், ஆனால் ஒன்றுகூட விடைநூலில் இருப்பதைப் போல இல்லாமலும் போகலாம். அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர், அதிலும் தம் பள்ளி நாளில் கணக்கைக் கண்டு மிரண்டவர்கள், வடிவியல் பாடநூலைத் தேர்ந்தெடுக்கத் திணறுவதற்கு இதுவே முதற்காரணம். திணறல் இவர்களோடு தொடங்கியதும் அல்ல. ஆசிரியர் அருகில் இல்லாமல் வடிவியல் கற்பிக்கும் நூலை எழுதும் முயற்சி, ஆங்கிலத்தில் அச்சான முதல் வடிவியல் நூலிலேயே இருக்கிறது.

அந்த நூலை 1551இல் லண்டனில் வெளியிட்டவர் ராபர்ட் ரெக்கார்ட் என்ற மருத்துவர். லத்தீன் அறியாத கைவினைஞரையும் நிலம் அளப்பவரையும் மனத்தில் வைத்து பண்டைக் கிரேக்கர் யூக்ளிடின் வடிவியல் நூலில் முதல் நான்கு புத்தகங்களின் பொருளை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் வரிசையை மாற்றினார். வரையும் முறைகளை முன்னால் வைத்தார், தேற்றங்களைப் பின்னால் தள்ளினார், நிறுவல்களை விட்டுவிட்டு எடுத்துக்காட்டுகளால் விளக்கினார். தனியாகப் படிப்பவருக்கு எளிதாக்க வேண்டுமென்றால் முதலில் கழிக்கப்படுவது நிறுவல்தான் என்ற வழக்கம் அன்றே வந்துவிட்டது. 19 ஆண்டுகள் கழித்து, 1570இல், ஹென்றி பில்லிங்ஸ்லி என்ற லண்டன் வணிகர் யூக்ளிடை முழுமையாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நிறுவல்கள் அதில் அப்படியே இருந்தன. எளிமைக்கு அவர் கண்ட வழி வேறு: திண்ம வடிவங்களைப் பற்றிய பதினோராம் புத்தகத்தில் மடித்து நிமிர்த்தக்கூடிய காகிதத் துண்டுகளை ஒட்டிவைத்தார். படிப்பவர் அவற்றைத் தூக்கி நிறுத்தினால் தாளின் மீதே ஒரு கூம்பகம் எழும்.

யூக்ளிடின் மூலநூலில் பயிற்சிக் கணக்கு ஒன்றுகூடக் கிடையாது என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு தேற்றத்துக்கும் முழு நிறுவல் கொடுக்கப்பட்டிருக்கும். படிப்பவர் வேலை அதைத் தொடர்ந்து போவதும் ஒவ்வொரு படியும் முந்தையதிலிருந்து வருகிறதா என்று பார்ப்பதும் மட்டுமே. திருத்த எதுவும் இல்லை, ஆகையால் திருத்துபவரும் தேவையில்லை. ஆபிரகாம் லிங்கன் அந்த வகை வாசகர். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. 1847 முதல் 1849 வரை அமெரிக்கக் காங்கிரசில் உறுப்பினராக இருந்தவர், அதற்குப் பிறகு யூக்ளிடின் முதல் ஆறு புத்தகங்களைத் தானே படித்து ஏறத்தாழத் தேர்ச்சி பெற்றதாக 1860 தேர்தலுக்காக எழுதிக் கொடுத்த தன்வரலாற்றுக் குறிப்பில் சொல்கிறார். நாற்பது வயதுக்காரர், வழக்கறிஞர், வாதம் செய்வதே தொழில். அவரைக் காட்டி பதினான்கு வயதுப் பிள்ளையும் அப்படியே படித்துவிடும் என்று சொல்வது நியாயமாகாது.

பள்ளிப் பிள்ளைகள் அப்படிப் படிக்கவும் இல்லை. 1756இல் வந்த ராபர்ட் சிம்சன் பதிப்பையும் 1795இல் வந்த ஜான் பிளேஃபேர் பதிப்பையும் வைத்துப் படித்தவர்களில் பலர் நிறுவல்களை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். முதல் புத்தகத்தின் ஐந்தாம் தேற்றம், இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பது. அதன் பட்டப்பெயர் ‘கழுதைகளின் பாலம்’. மந்தமான மாணவர் அதற்கு அப்பால் போகமாட்டார் என்ற கேலி அதில் உண்டு.

1847இல் ஆலிவர் பைர்ன் என்ற அயர்லாந்துக்காரர் லண்டனில் வெளியிட்ட யூக்ளிட், தனியாகப் படிப்போருக்கான நூல்களில் மிகத் துணிச்சலானது. ‘கோணம் ஏ பி சி’ என்று எழுத்துகளால் சுட்டுவதற்குப் பதிலாக, அந்தக் கோணத்தையே சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு நிறங்களில் வாக்கியத்தின் நடுவே அச்சிட்டார். வழக்கமான முறைக்கு ஆகும் காலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது என்று உரிமை கொண்டாடினார். விலை 25 ஷில்லிங். வாங்கக்கூடியவர் வீட்டில் அனேகமாகத் தனி ஆசிரியரே இருந்திருப்பார். புத்தகம் விற்கவில்லை. இன்று அது அச்சுக்கலை அருமைக்காகப் போற்றப்படுகிறது. 2010இல் டாஷன் பதிப்பகம் மறுபதிப்பு கொண்டுவந்தது.

திருத்தும் சிக்கல் பயிற்சிக் கணக்கோடு வந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் பாட்ஸ் 1845லும் ஐசக் டாட்ஹன்டர் 1862லும் யூக்ளிடோடு பயிற்சிகளைச் சேர்த்தார்கள். டாட்ஹன்டர் நூலில் மட்டும் அறுநூறுக்கு மேல் உண்டு. அமெரிக்காவில் 1819இல் ஹார்வர்டின் ஜான் ஃபாரர் மொழிபெயர்த்த லெஜாந்தரின் பிரெஞ்சு வடிவியல் யூக்ளிடின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. 1877இல் ஜார்ஜ் வென்ட்வொர்த் எழுதிய பாடநூல் உயர்நிலைப் பள்ளிகளில் பரவியது. 1890களில் ஹார்வர்ட் தலைவர் சார்ல்ஸ் எலியட் தலைமையில் கூடிய ‘பத்துப் பேர் குழு’ ஒரு முடிவை அழுத்தமாகச் சொன்னது: பிள்ளைகள் அச்சிட்ட நிறுவலை ஒப்பிக்கக் கூடாது, தாமே நிறுவல்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் வகுப்பில் 40 பிள்ளைகள் 40 விதமாக எழுதினால் ஆசிரியர் எப்படித் திருத்துவார்? அடுத்த இருபது ஆண்டுகளில் பாடநூல்களில் தோன்றிய ‘இரண்டு பத்தி நிறுவல்’ இதற்கு விடையாக வந்தது: இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம், ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் போல அது ஒரே பார்வையில் திருத்த வசதியாக இருந்தது. வடிவியல் என்றதும் அமெரிக்கப் பெற்றோரில் பலருக்கு இன்றும் வயிறு கலங்குவது இந்த இரண்டு பத்திகளை நினைத்துத்தான்.

இதற்கிடையில் வீட்டுப் படிப்பே அருகிப்போனது. 1852இல் மாசசூசெட்ஸ் கட்டாயப் பள்ளிக்கல்விச் சட்டம் கொண்டுவந்தது. 1918இல் மிசிசிப்பியும் சேர்ந்ததோடு எல்லா மாநிலங்களும் அதற்குள் வந்துவிட்டன. எஞ்சியவர்களுக்கு உதவியது அஞ்சல்வழிக் கல்வி. பால்டிமோரின் கால்வர்ட் பள்ளி 1906இல் வீட்டுப் பாடத்திட்டத்தை அஞ்சலில் அனுப்பத் தொடங்கியது, ஆனால் அது சிறுவர் வகுப்புகளுக்கானது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1929இல் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களையும் அஞ்சலில் கற்பிக்கத் தொடங்கியது. பண்ணை வீட்டில் எழுதிய விடை பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கன் நகருக்குப் போய், ஓர் ஆசிரியர் கையால் திருத்தப்பட்டுத் திரும்பி வரும். மெதுவான ஏற்பாடு, ஆனால் தாய் தந்தைக்கு வடிவியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியத்தை அது நீக்கியது.

இன்றைய வீட்டுக் கல்வி இயக்கம் 1970களில் எழுந்தது. பள்ளிகளின் மீது நம்பிக்கை இழந்த ஜான் ஹோல்ட் 1977இல் ‘பள்ளியின்றி வளர்தல்’ என்ற பொருள்படும் பெயரில் இதழ் தொடங்கினார். இன்னொரு பக்கம், சமயப் பற்றுள்ள குடும்பங்கள் ரேமண்ட், டோரதி மூர் தம்பதியின் நூல்களைப் பின்பற்றின. வழக்குகளும் சட்டத் திருத்தங்களும் தொடர, 1993 அளவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லுபடியானது. அரசுக் கணக்குப்படி 1999இல் சுமார் 8,50,000 பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள்; 2012இல் அது 18 லட்சத்தை ஒட்டியது. சில மாநிலங்களில் வடிவியலைத் தவிர்க்கவும் முடியாது. பென்சில்வேனியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் படிக்கும் உயர்நிலை மாணவருக்குக் கற்பிக்க வேண்டிய பாடங்களில் இயற்கணிதத்தோடு வடிவியலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

இந்தப் பெற்றோர் கைக்கு வந்த முதல் நூல்கள் பள்ளிக்காக எழுதப்பட்டவை. அவற்றில் அதிகம் நேசிக்கப்பட்டது, லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி ஆசிரியர் ஹெரால்ட் ஜேக்கப்ஸ் 1974இல் வெளியிட்ட ‘ஜியாமெட்ரி’. செய்தித்தாள் கேலிச்சித்திரங்களும் கட்டடப் படங்களும் நிறைந்த அந்த நூல், நிறுவலுக்கு முன்பே தருக்கத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தது. பிள்ளை தானே படித்துப் போகலாம் என்பது அதன் பலம். எழுதியதைச் சரிபார்க்க யாராவது வேண்டும் என்ற குறை மட்டும் நீங்கவில்லை. ஜான் சாக்சன் மாற்று வழி கண்டார். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்று ஓக்லஹோமாவில் ஆசிரியரான அவர், 1981 முதல் வெளிவந்த தம் நூல்களில் வடிவியலைத் தனி ஆண்டாக வைக்காமல் இயற்கணிதப் பாடங்களுக்கு நடுவே தூவினார். பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல்: ஒவ்வொரு நாளும் கலவையாக ஏறத்தாழ 30 கணக்கு, பெரும்பாலானவற்றுக்கு எண்ணாலான விடை. தூவியதில் நிறுவல் நீர்த்துப்போயிற்று என்று குறை சொன்னவர்களும் உண்டு, அதில் உண்மையும் உண்டு. 1989இல் மைக்கேல் செர்ரா எழுதிய நூல் நேர் எதிர்த் திசையில் போனது. கவராயத்தால் வரைந்தும் தாளை மடித்தும் பிள்ளைகள் தாமே முடிவுகளை ஊகிப்பார்கள். முறையான நிறுவல் புத்தகத்தின் கடைசிப் பகுதியில்தான் வரும். ரெக்கார்டின் 1551ஆம் ஆண்டு வரிசையை இது நினைவுபடுத்துகிறது.

செர்ரா போன்றவர்களுக்கு அடிப்படையாக இருந்த ஆய்வு 1957இல் நெதர்லாந்தில் நடந்தது. டினா வான் ஹீலே, பியர் வான் ஹீலே தம்பதி உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடுகளில், வடிவியல் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்றார்கள். முதலில் வடிவத்தை முழுதாகப் பார்த்து அடையாளம் காண்பது, பிறகு அதன் பண்புகளைப் பிரித்தறிவது, பிறகு அந்தப் பண்புகளை ஒன்றோடொன்று தொடுப்பது, அதற்குப் பிறகே நிறுவல். கீழ்ப்படியில் நிற்கும் பிள்ளைக்கு மேல்படியின் மொழியில் பேசினால் மனப்பாடம்தான் மிஞ்சும். கணக்கில் தடுமாறிய பெற்றோர் பலரின் கதை இதுதான் என்று கொள்ள இடம் இருக்கிறது: சதுரமும் ஒரு செவ்வகமே என்பது மனத்தில் உறையும் முன்பே இரண்டு பத்தி நிறுவலை எழுதச் சொல்லப்பட்டவர்கள் அவர்கள்.

காணொளி வந்தபின் கற்பிக்கும் வேலை பெற்றோரின் தோளிலிருந்து இறங்கியது. ஸ்டீவ் டெமியின் ‘மேத் யூ சீ’ பாடங்களில் ஆசிரியர் திரையில் வந்து விளக்குவார், பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து கற்கலாம். ‘டீச்சிங் டெக்ஸ்ட்புக்ஸ்’ குறுவட்டில் பாடத்தோடு ஒவ்வொரு கணக்கின் முழுத் தீர்வும் பேசும் குரலில் கிடைத்தது; பின்னாளில் அதுவே மதிப்பெண்ணும் போட்டது. எண்ணையோ தேர்வு விடையையோ இயந்திரம் சட்டென்று திருத்திவிடும். பிள்ளை சொந்த வார்த்தையில் எழுதிய நிறுவலை அதனால் திருத்த முடியவில்லை. கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்விலும் நிறுவல் எழுதும் கேள்வி கிடையாது. ஆகவே நிறுவலைக் குறைத்த பாடநூலை எடுத்தாலும் நட்டமில்லை என்று கருதும் குடும்பங்கள் பெருகின. தேர்வை மட்டும் பார்த்தால் அவர்கள் கணிப்பு சரி.

நிறுவலை விடக்கூடாது என்று நினைப்போர் திருத்துபவரைத் தேடிப் போகிறார்கள். ஊர்தோறும் உள்ள வீட்டுக் கல்விக் கூட்டுறவுக் குழுக்களில் கணக்குத் தெரிந்த ஒரு தாய் வாரம் ஒருநாள் மற்றவர் பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்ப்பார். அவர் பிள்ளைக்கு வேறொருவர் லத்தீனோ வேதியியலோ சொல்லிக்கொடுப்பார். வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை இணைய வகுப்பில் சேர்க்கிறார்கள். கணிதப் போட்டி மாணவர்களுக்காக ரிச்சர்ட் ருசிக் தொடங்கிய ‘ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங்’ நிறுவனத்தின் வடிவியல் நூலோடு முழுத் தீர்வு நூலும் தனியாக விற்கிறது. அதன் இணைய வகுப்பில் எண் விடைக் கணக்குகளைக் கணினி திருத்துகிறது; எழுதி அனுப்பும் நிறுவல்களை ஆள் வைத்துத் திருத்துகிறார்கள்.