இடைச்செருகலும் ஒலிநாடாவும்

இடைச்செருகல் என்ற சொல்லைத் தமிழில் நாம் வசைச்சொல்லாகவே பழக்கிவிட்டோம். கம்பன் பாடல்களுக்கு நடுவே தம் பாடல்களை நுழைத்தவர் என்ற பழி வெள்ளியம்பலத் தம்பிரான் மீது விழுந்தது. சந்தேகத்துக்குரிய பாட்டெல்லாம் ‘வெள்ளி பாடல்’ ஆயிற்று. டி. கே. சி. கம்பனைத் தம் காதின் தீர்ப்புக்கு உட்படுத்தினார். காதுக்கு ஒவ்வாதவற்றை நீக்கினார். சில இடங்களில் சொல்லையும் திருத்தினார். உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, 267, 268 ஆம் பாட்டுகள் சுவடிகளில் கிடைக்காததால், அந்த இரண்டு எண்களையும் வெறுமையாகவே விட்டார். நுழைத்தல், நீக்குதல், வெறுமையை வெறுமையாக விடுதல் - நம் பதிப்பு வரலாற்றை ஏறக்குறைய இந்த மூன்று செய்கைகளாகச் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

மூன்றையும் ஏட்டுக்கும் அச்சுக்கும் உரிய பிரச்னைகளாகவே நாம் பார்த்து வந்திருக்கிறோம். ஒலிநாடா வந்த பிறகு இவை குரலுக்கும் வாத்தியத்துக்கும் உரியவையாகிவிட்டன. இதைத் துல்லியமாகக் காட்டுவது அமெரிக்க ஜாஸ் இசையில் ஒரு குடும்பத்தின் கதை. ஆலிஸ் கோல்ட்ரேன் தம் கணவர் விட்டுச்சென்ற நாடாக்களிலிருந்து 1972-இல் ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். அவருடைய மகன் 2021-இல் தாயின் நாடாவிலிருந்து இன்னொன்றை வெளியிட்டார். தாய் செய்தது சேர்த்தல். மகன் செய்தது நீக்கல். நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

ஜாஸில் எழுதிவைக்கப்படுவது கொஞ்சம்தான். மெட்டின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு வாசிப்பவன் அந்தக் கணத்தில் சிருஷ்டித்துக்கொண்டே போகிறான். ராக ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம்மிடம் கீர்த்தனை என்ற சாகித்யம் ஆலாபனைக்கு வெளியிலும் நிற்கிறது. சிஷ்ய பரம்பரை அதைச் சுமந்து செல்கிறது. ஜாஸில் ஒரு வித்வான் இறந்தால் அவர் வாசித்தது ஒலிப்பதிவில் மட்டும்தான் மிஞ்சும். அங்கே ஏட்டுச்சுவடி என்பது நாடாதான். அதில் கைவைப்பது ஏட்டில் கைவைப்பதற்குச் சமம்.

ஸாக்ஸபோன் வித்வான் ஜான் கோல்ட்ரேன் 1926-இல் பிறந்தார். 1964 டிசம்பரில் பதிவான ‘எ லவ் சுப்ரீம்’ அவருடைய வாழ்க்கையின் நடுக்கம்பம். அதற்குப் பிறகு அவருடைய இசை வழிபாட்டின் பக்கமாகவே நகர்ந்தது. இந்திய சங்கீதத்தில் அவருக்கு இருந்த ஈடுபாட்டுக்கு ஒரு சாட்சி போதும்: 1965-இல் பிறந்த மகனுக்கு ரவி சங்கரை நினைத்து ரவி என்று பெயரிட்டார். அந்தக் காலத்தில்தான் ஆலிஸை மணந்துகொண்டார். ஆலிஸ் டெட்ராய்ட் நகரத்துக்காரர், 1937-இல் பிறந்தவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர். 1966-இல் கணவரின் குழுவில் பியானோவுக்கு உட்கார்ந்தார். ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 1967 ஜூலை 17 அன்று ஜான் இறந்துபோனார். வயது நாற்பது. ஆலிஸுக்கு முப்பது நிறையவில்லை. கையில் சிறு குழந்தைகள், நியூயார்க்கை அடுத்த டிக்ஸ் ஹில்ஸில் ஒரு வீடு, பெட்டிகளில் நாடாக்கள்.

அவர் முதலில் செய்தது 1968-இல் ‘காஸ்மிக் மியூசிக்’ என்ற இசைத்தட்டைத் தம் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டது. அதில் இரண்டு பாட்டுகள் ஜான் உயிரோடிருக்கையில் 1966-இல் பதிவானவை. மற்ற இரண்டும் அவர் இறந்த பிறகு 1968 ஜனவரியில் வீட்டில் ஆலிஸ் வாசித்தவை. ஜானின் வாசிப்பின்மேல் இங்கே சேர்க்கை எதுவும் இல்லை. இறந்தவரின் பாட்டும் இருப்பவரின் பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள மௌனத்தை அவர் தொடவில்லை. புறநானூற்றின் வெற்று எண்களைப் போல அதுவும் ஒரு நேர்மை.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு தமிழர் வருகிறார். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர், 1950-களில் குருவின் ஆணைப்படி இலங்கைக்குப் போய் அங்கே ஆசிரமம் நடத்தியவர். அந்த நாட்களில் இலங்கைப் பயணம் என்றால் பெரும்பாலும் எங்கள் ராமநாதபுரம் கரை வழிதான்; தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவது 1964 டிசம்பர் புயலோடு முடிந்துபோயிற்று. சுவாமி 1966-இல் நியூயார்க் போனார். 1969-இல் வுட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்க உரையை அவர்தான் ஆற்றினார். துக்கத்தில் உடைந்திருந்த ஆலிஸுக்கு அவர் குருவானார். 1970 நவம்பரில் டிக்ஸ் ஹில்ஸ் வீட்டில் பெரும்பகுதி பதிவாகி 1971-இல் வெளிவந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ அந்த உறவின் இசை வடிவம். தம்பூராவின் சுருதி ஓயாமல் ஒலிக்க, அதன்மேல் ஆலிஸின் ஹார்ப்பும் ஃபரோ சாண்டர்ஸின் ஸாக்ஸபோனும் நகர்கின்றன. அந்தத் தட்டு பதிவான அடுத்த மாதமே ஆலிஸ் குருவோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பயணம் புறப்பட்டார். 1972-இல் வந்த ‘வேர்ல்ட் கேலக்ஸி’யில் ஜானின் ‘எ லவ் சுப்ரீம்’ மறுபடி வாசிக்கப்படும்போது சுவாமியின் குரலே பேசுகிறது. இறந்த கணவரின் பாட்டுக்குள் உயிரோடிருக்கும் குருவின் குரல் நுழைந்துவிட்டது. அதுவரை பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை ஒன்றுக்குள் ஒன்று புகத் தொடங்கியது இங்கேதான்.

அதே 1972-இல் ‘இன்ஃபினிட்டி’. ஜானும் குழுவும் 1965-லும் 1966-லும் வாசித்த நான்கு பாட்டுகளின் நாடாக்களை எடுத்து, அவற்றின்மேல் தந்தி வாத்தியங்களின் கூட்டம் ஒன்றை ஆலிஸ் ஏற்றினார். தாமே ஹார்ப்பும் ஆர்கனும் வாசித்துச் சேர்த்தார். தம்பூராவும் வந்தது. ஜிம்மி காரிஸனின் பாஸ் வாசிப்பை எடுத்துவிட்டுச் சார்லி ஹேடனைப் புதிதாக வாசிக்கவைத்தார். ஐந்தாண்டுக்கு முன் இறந்தவர் தாம் கேட்டறியாத வாத்தியங்களுக்கு நடுவே நின்று வாசிப்பதாகத் தட்டில் கேட்கிறது. ஜாஸ் உலகம் கொதித்தது. புனிதமான ஏட்டைக் கெடுத்துவிட்டாள் என்ற குரல் பலமாகவே எழுந்தது. அந்தக் கோபத்தில் ஒரு பகுதி அவர் பெண், விதவை, கணவரின் புகழ்பெற்ற நால்வர் குழு கலைந்தபோது வந்து சேர்ந்தவர் என்பதால் எழுந்தது என்றே நினைக்கிறேன். டி. கே. சி.யின் துணிச்சலை ரசனையின் ஆவேசம் என்று கொண்டாடியவர்கள் நம்மிலும் உண்டு. அதே துணிச்சல் ஒரு விதவையிடம் இருந்தால் அதற்கு வேறு பெயர்.

ஆனால் அனுதாபம் விமர்சனம் ஆகாது. செய்ததைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நான்கு பாட்டுகளில் ஒன்று ‘லிவிங் ஸ்பேஸ்’. 1965 ஜூனில் அதைப் பதிவு செய்தபோது ஜானே தம் சோப்ரானோ ஸாக்ஸபோன் வாசிப்பின்மேல் இன்னொரு முறை வாசித்து ஏற்றிக்கொண்டார். 1998-இல் ஆலிஸின் தந்தி வாத்தியங்கள் இல்லாமல் அது தனியே வெளிவந்தபோது இதை எல்லோரும் கேட்கமுடிந்தது. ஆகவே, நாடாவின்மேல் இன்னொரு வாசிப்பை ஏற்றுவது ஜானுக்கு அந்நியமான முறை என்று சொல்ல வழியில்லை. ஏற்றிய கை மாறியதுதான் பிரச்னை. அந்தக் கை முன்பு அவருக்குப் பக்கத்தில் பியானோவில் இருந்த கை. பாட்டு எந்தத் திக்கில் போக விரும்பியது என்பதற்கு அவரைவிட நெருங்கிய சாட்சி இல்லை. தந்தி வாத்தியங்களை என்னால் மன்னிக்கமுடிகிறது. ‘லிவிங் ஸ்பே’ஸில் அவை வரவேண்டிய இடத்துக்கே வந்தவையாகவும் கேட்கின்றன. மன்னிக்கமுடியாதது காரிஸனை நீக்கியது. ஜான் இறந்துவிட்டார், காரிஸன் 1976 வரை உயிரோடிருந்தார். இறந்தவரோடு உரையாடும் உரிமை மனைவிக்கு உண்டு என்று வாதாடலாம். அந்த உரையாடலுக்காக, உயிரோடிருக்கும் சக கலைஞனின் விரல்களை அழிக்கும் உரிமை அதிலிருந்து பிறக்காது. நினைவு என்பது தனி ஒருவரின் சொத்து என்று எண்ணும்போதுதான் இந்தத் தவறு நேர்கிறது. அந்த அறையில் அன்று ஜான் மட்டும் வாசிக்கவில்லை.

இந்தக் கேள்வியே எழாத ஓர் உலகமும் உண்டு. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் காரங்காட்டில் இருந்து இதை எழுதுகிறேன். அலையாத்திக் காடும் உப்பங்கழியும் உள்ள ஊர். இப்போது அந்தக் காட்டுக்குள் வனத்துறை படகுகளில் ஆட்கள் சுற்றிப்பார்க்க வருகிறார்கள். இந்தக் கரையில் வலை இழுப்பதற்கும் துடுப்பு வலிப்பதற்கும் அம்பாப் பாட்டு இருந்தது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிப் பாடுவார்கள். அடியெடுப்பவர் வலையின் கனத்துக்கும் இழுப்பவரின் களைப்புக்கும் ஏற்ப அடிகளை நீட்டுவார், குறைப்பார், ஊர்ச் சங்கதியைச் சேர்ப்பார். இதில் எது இடைச்செருகல்? மூலம் என்று ஒன்று இருந்தால்தானே செருகலுக்கு இடம். நா. வானமாமலை 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளைத் தொகுத்தபோதுபோல, அச்சில் ஏறும் கணத்தில்தான் வாய்ப்பாட்டு ஒரு வடிவத்தில் உறைகிறது. ஒலிநாடா அதை இன்னும் இறுக்கமாக உறையவைக்கிறது. பாடியவரின் மூச்சோடு சேர்த்து. படகுக்கு இயந்திரம் வந்து பாட்டுக்கு வேலை இல்லாமல் போன பிறகு, உறைந்ததுதான் மிச்சம். ஆலிஸ் ‘இன்ஃபினிட்டி’யில் முயன்றது, உறைந்த நாடாவை அம்பாவின் நியாயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவதுதான்: அடியெடுத்துக் கொடுத்தவர் போய்விட்டார், வாங்கிப் பாடுபவர் தொடர்கிறார். ஆனால் அம்பாவில் பாட்டை வாங்கும் கூட்டத்திலிருந்து ஒருவர் குரலை யாரும் அழிப்பதில்லை.

பின்னாளில் ஆலிஸ் வியாபார இசைத்தட்டுகளை விட்டு விலகினார். கலிபோர்னியாவில் 1983-இல் ஆசிரமம் ஒன்றை அமைத்தார். 1982-இல் ‘துரியா சிங்ஸ்’ என்ற பஜனை ஒலிநாடா வந்தது; பக்தர்களுக்காக வெளியிடப்பட்டது, கடைகளுக்குப் போகாதது. தேவாலயத்தில் வளர்ந்த குரல் சமஸ்கிருத நாமாவளியைப் பாடுகிறது. கீழே ஆர்கன், அதைச் சுற்றிலும் தந்தி வாத்தியங்களும் மின்னிசைக் கருவிகளின் அலையும். ஆலிஸ் 2007 ஜனவரியில் இறந்தார். 2018 நவம்பரில் காட்டுத்தீயில் ஆசிரமக் கட்டடம் எரிந்துபோயிற்று. இதற்கிடையில், 2004-இல் தாயின் கடைசி இசைத்தட்டு ஒன்றைத் தயாரிக்கையில், தாயின் குரலும் ஆர்கனும் மட்டும் உள்ள ‘துரியா சிங்ஸ்’ வடிவம் ரவியின் கைக்கு வந்திருந்தது. அவரும் ஸாக்ஸபோன் வித்வான். 2021-இல் அதைத்தான் ‘கீர்த்தன்: துரியா சிங்ஸ்’ என்று வெளியிட்டார். தந்தையின்மேல் தாய் ஏற்றிய தந்தி வாத்தியங்களுக்குப் பதிலாக, தாய் தம்மேல் ஏற்றிக்கொண்ட தந்தி வாத்தியங்களை மகன் இறக்கிவிட்டார்.

இந்த வடிவத்தைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இதுவே தூயது என்கிறார்கள். குரல் நெருங்கி வருகிறது, உண்மைதான். ஆனால் நீக்கலைத் தூய்மை என்று உடனே பெயரிடுவது நம் காலத்தின் ருசி. ஆலிஸ் 1982-இல் பக்தர்கள் கையில் கொடுத்தது அலைகளோடு கூடிய பாட்டைத்தான். நீக்கலும் ஒரு வகை இடைச்செருகலே. மகனின் காது தாயின் பாட்டுக்குள் நுழைந்திருக்கிறது. டி. கே. சி. நீக்கியபோது அவர் காது கம்பனுக்குள் நுழைந்ததுபோல. அந்த நுழைவைப் பழிக்கவில்லை. அதை மூலம் என்று அழைக்கவேண்டாம் என்பதுதான் என் வாதம்.

நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யா 2024 நவம்பரில் வெளியிட்ட ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ இந்த வரிசையில் அடுத்தது. ஹூஸ்டன் நகரில் முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டிவைத்துப் பாடியவற்றைப் பதிவு செய்து, அந்தப் பதிவுகளிலிருந்து தொகுத்தது. ஆலிஸின் பாட்டுகள் அதில் கூட்டத்தின் வாயில் மறுபடி புழங்குகின்றன. யாருடைய நாடாவின்மேலும் ஏறாமல், புதிதாகப் பாடி நினைவுகூர்வது. அம்பாவின் நியாயத்துக்கு இதுவே நெருக்கமான வழி.

இப்போது நம் அக்கறை. சிறுபத்திரிகை வட்டத்தில் இறந்த நண்பனின் காகிதங்கள் எப்போதும் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கின்றன. 1984-இல் ஆத்மாநாம் இறந்த பிறகு, பிரம்மராஜன் 1989-இல் அவருடைய கவிதைகளைத் தொகுத்திராவிட்டால் அவற்றில் பல பழைய இதழ்களிலேயே சிதறிக் கிடந்திருக்கும். புதுமைப்பித்தன் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 2000-இல்தான் அவர் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் செம்பதிப்பு கிடைத்தது. அவ்வளவு பிந்தியதற்கு அன்பின் குறைவு காரணமல்ல. எந்தப் பாடம் எங்கிருந்து வந்தது, எது யார் கை என்று குறித்துவைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததுதான் காரணம்.

ஆலிஸ் சேர்த்ததை இன்று நாம் விவாதிக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அவர் மூல நாடாவை அழிக்கவில்லை. சேர்த்தவர்கள் யார் என்பதையும் மறைக்கவில்லை. நண்பனின் கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல்லைத் திருத்தாமல் இருக்க முடியாதவர்கள் திருத்தட்டும். ஒரு வரியைச் சேர்க்காவிட்டால் அவன் பேசமாட்டான் என்று தோன்றுபவர்கள் சேர்க்கட்டும். ஆனால் அவன் எழுதிய தாளை எறியவேண்டாம். ஓரத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதிவையுங்கள். அன்று அந்த அறையில் அவனோடு இருந்தவர்களின் பெயர்களையும்.