கிளிநொச்சியின் வரலாறும் குடித்தொகையும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் அதன் பழமையையே தேடுவர். கல்வெட்டு உண்டா, செப்பேடு உண்டா, எவ்வரசர் ஆண்டனர் என்னும் வினாக்களே முன்னிற்பன. இவ்வினாக்களைக் கிளிநொச்சி நகரை நோக்கி எழுப்பின் விடை சுருக்கமாகவே அமையும். நகர் என்ற அளவில் அது 1936 ஆம் ஆண்டிலே குடியேற்றத் திட்டமொன்றின் பயனாகத் தோன்றியது. ஆயினும், குடித்தொகை என்பது எவ்வாறு ஆகின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு இவ்வூரைப் போலக் கற்பிக்கவல்ல ஊர் வடமாகாணத்தில் அரிது. பிறப்பும் இறப்பும் மாத்திரம் இதன் தொகையை ஆக்கவில்லை. வந்தோரும் போனோரும் மீண்டோருமே ஆக்கினர்.

கிளிகளும் நொச்சி மரங்களும் மலிந்த இடமாதலின் இப்பெயர் வந்ததென மக்கள் கூறுவர். நகர் புதியதேயெனினும் நிலம் வெறுங்காடாக இருந்ததென்று கொள்ளல் பொருந்தாது. சுற்றுப்புறத்தே சிறு குளங்களை நம்பி வாழ்ந்த வன்னிக் கிராமங்கள் இருந்தன. மலேரியாக் காய்ச்சலும் நீர்க்குறையும் அக்கிராமங்களைப் பெருகவிடாது தடுத்தன. இந்நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று பாதை, மற்றது நீர். 1905 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையுற்று வன்னியை ஊடறுத்துச் சென்றது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி 1920 அளவில் நிறைவெய்தியது. இரணை என்பது இரட்டையைக் குறிக்கும்; இரு மடுக்கள் இருந்தமையை அப்பெயரே உணர்த்துகின்றது. பின்னர் அணைக்கட்டுப் பலகால் உயர்த்தப்பட, இக்குளம் வடமாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாயிற்று.

நீர் வந்தபின் குடி வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நிலம் குறைவு, மக்கள் மிகுதி, கற்றோர்க்கும் தொழிலில்லை. இந்நெருக்கடியைத் தணிக்கும் நோக்குடன் 1936 இல் குடாநாட்டினர் இங்குக் குடியேற்றப்பட்டனர். முந்திய ஆண்டில் நிறைவேறிய காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இத்தகைய குடியேற்றங்களுக்கு வழிவகுத்திருந்தது. 1940களின் பிற்பகுதியில் டீ.டீ.டீ. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா தணிந்தபின் குடியேற்றம் மேலும் பரந்தது.

இங்கு மாணவர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மேற்கூறிய சட்டம் காணியைத் துண்டாடுதலைத் தடுத்தது. உத்தரவுப் பத்திரம் பெற்றவருக்குப்பின் காணி பெரும்பாலும் பிள்ளைகளுள் ஒருவரையே சென்றடைந்தது. சிறு துண்டுகளாய்ச் சிதைந்த காணி பயன்தராது என்பதே சட்டத்தின் கருத்து. அக்கருத்திற் குற்றமில்லை. ஆனால் ஐந்து பிள்ளைகளுள்ள வீட்டிலே நால்வர் காணியற்றோராயினர். நிலமின்மைக்கு மருந்தாக வந்த திட்டம் இரண்டாந் தலைமுறையிலே நிலமின்மையைத் தானே ஈன்றது.

மூன்றாவதாக வந்தோர் மலையகத் தமிழர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களுட் பலரை, 1970களின் முற்பகுதியிலே தோட்டங்களில் நிலவிய உணவுப் பஞ்சமும், பின்னர் 1977 ஆம், 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும் வன்னிக்குத் துரத்தின. மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட அக்காலத்திலே வன்னிக் கமக்காரர்க்கும் வேலையாட்கள் வேண்டியிருந்தனர். ஆகவே இவர்கள் இரக்கத்தால் மாத்திரம் ஏற்கப்பட்டனரல்லர். இவர்தம் உழைப்பு வேண்டப்பட்டமையாலும் ஏற்கப்பட்டனர். எனினும் வாய்க்காலையண்டிய வயல்கள் முன்வந்தோர் கையிலிருந்தன. பின்வந்தோர்க்குக் கிடைத்தது பெரும்பாலும் நீரெட்டாத மேட்டுநிலமே. அதற்கும் பலரிடம் உறுதியில்லை. முதலில் வந்தவர்க்கு வயல், அடுத்தவர்க்கு மேடு, கடைசியில் வந்தவர்க்குக் கூலி என்ற வரிசை இவ்வாறு அமைந்தது.

இனி எண்களை நோக்குவாம். கிளிநொச்சி 1984 இல் யாழ்ப்பாண மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்ட எல்லைக்குள் 1981 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிற் காணப்பட்டோர் 91,764 பேர். 1991 இல் நாட்டில் மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 இல் நடந்த மதிப்பீடு இம்மாவட்டத்துள் வரவில்லை. 2012 இலே எண்ணப்பட்டோர் 113,510 பேர். முப்பத்தோராண்டில் ஏற்பட்ட வளர்ச்சி ஏறத்தாழ 24 வீதம். இதே காலத்தில் நாட்டின் தொகை ஏறத்தாழ 37 வீதத்தால் வளர்ந்தது. அவ்வீதத்தில் இம்மாவட்டமும் வளர்ந்திருப்பின் 125,000 பேருக்கு மேல் இருந்திருப்பர்.

எனினும் இவ்விரு எண்களை மாத்திரம் நோக்குவோர் மெதுவான வளர்ச்சி என்று எழுதி அமைவர். உண்மை அதுவன்று. 1995 இன் பிற்பகுதியிலே குடாநாட்டை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோருட் பெருந்தொகையினர் இவ்வூரிலும் அயலிலும் தங்கினர். 1996 இல் இராணுவம் நகரைக் கைப்பற்ற, நகரமே வெறுமையாயிற்று. 1998 இல் விடுதலைப் புலிகள் அதனை மீளக் கைப்பற்றினர். 2002 இன் போர்நிறுத்தத்தின்பின் மக்கள் மீண்டனர். 2009 சனவரி 2 ஆம் நாள் இராணுவம் மீண்டும் நகருட் புகுந்தபோது மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்துவிட்டனர். அவர்களுட் பலர் மீளவேயில்லை. முகாம்களினின்றும் மீள்குடியேற்றம் அவ்வாண்டின் இறுதியிலிருந்தே நிகழ்ந்தது. ஒரு தலைமுறைக்குள் இருமுறை வெறுமையாகி இருமுறை நிரம்பிய ஊரை இரண்டு எண்களுக்கிடையே கோடு கீறிக் காட்டல் எங்ஙனம் இயலும்?

ஆகவே, எண் பொய் சொல்லாது. ஆனால் முழுவதையுஞ் சொல்லாது. எண்ணப்படாத முப்பத்தோராண்டையும் நிரப்ப வல்லவர் அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோரே. 1936 இற் காடுவெட்ட வந்தோர் இன்று இல்லை. அவர்தம் பிள்ளைகளும் முதுமையெய்திவிட்டனர். தோட்டங்களினின்றும் நடந்து வந்தோரின் வரலாற்றைக் குறித்து வைத்தோரோ மிகச் சிலர். நம் மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம், எவ்வூரிலிருந்து, எவ்வாண்டில், எக்காரணத்தால் வந்தீர்கள், எக்காணி கிடைத்தது, எத்தனை முறை பெயர்ந்தீர்கள் என்னும் ஐந்து வினாக்களைக் கேட்டு விடைகளை எழுதிவைப்பாராயின், எம்மதிப்பீட்டுத் திணைக்களமும் தரவியலாத ஆவணம் ஒன்று உருவாகும்.

அவ்வாறு எழுதும்போது வயலுடையோர் கதையுடன் மேட்டுநிலத்தோர் கதையும் கூலியாளர் கதையும் ஒப்ப இடம்பெறல் வேண்டும். குளத்து நீர் கடைமடைக்குச் செல்லாதொழியின் அதனை நாம் நல்ல பாசனம் என்பதில்லை. கடைசியாக வந்தோரை விட்டெழுதும் வரலாறும் அத்தகையதே.